கம்பளி சுற்றிய மணி

இது நடந்தது மௌனத்தின் ஒன்பதாம் நாளா, பதினொன்றாம் நாளா என்று இப்போது என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. பனி மத்தியானத்துக்கு முன்பே தொடங்கிவிட்டது என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். மங்கலுவோ, சாப்பிட்டுக் கைகழுவிய பிறகுதான் தொடங்கியது என்று கடைசிவரை சாதித்தான். கயிற்றைப் பிடித்தவர்கள் முப்பத்தொரு பேர் என்பது என் கணக்கு. தெவ்குவைக் கேட்டால் நாற்பது என்பாள். அன்று யாரும் உரக்கப் பேசாததால், யார் என்ன சொன்னார்கள் என்பதிலும் ஆளுக்கொரு பாடம் இருக்கிறது. ஒன்றில் மட்டும் எல்லோரும் ஒத்துப்போகிறோம். மணி அடித்தது. அதை அடித்தவள் கௌலா.

சங்கராந்தி அன்று நாக தேவர் எங்கள் ஊர் தாராங்கை விட்டு மேலே போவார். வரும் வருஷம் எங்களுக்கு என்ன கிடைக்கும், என்ன பறிபோகும் என்று மற்ற தேவர்களோடு வழக்காடிவிட்டு நாற்பத்திரண்டு நாள் கழித்துத் திரும்புவார். அதுவரை ஊரில் சத்தம் கூடாது. பசுக்களின் கழுத்து மணிகளில் கம்பளியைத் திணித்துவிடுவோம். நாய்களைக் கீழ்க்காட்டுத் தொழுவத்துக்கு ஓட்டிவிடுவோம். ஓடையில் சுற்றும் மாவுக்கல் நின்றுவிடும். விறகு பிளப்பது முன்கூட்டியே முடிந்திருக்கும். வெளியில் நின்று ஒருவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டோம். தேவர் இல்லாத ஊரில் மற்றவை நடமாடும். அவற்றுக்கும் மணி உண்டு, குரல் உண்டு, நம் பெயர்கள் தெரியும். ஆகவே அந்த நாட்களில் வெளியே எது கேட்டாலும் அது நம்முடையது அல்ல என்று பிள்ளைகளுக்குப் பேச்சு வருமுன்பே சொல்லி வளர்ப்போம்.

கோயில் மணியின் நாக்கில் கம்பளியைச் சுற்றி ஏழு முடிச்சுப் போடுவது கார்தாரின் வேலை. கோயில் காரியம் முழுவதும் கார்தார் கையில்தான். அப்போது அந்தப் பொறுப்பில் இருந்தவர் தாபே ராம். கௌலாவின் கணவன் கேஹருவுக்குக் கூடப்பிறந்த அண்ணன்.

கேஹரு தபால்காரன். மோட்டார் ரோடு பன்ஸாரில் முடிந்துவிடும். அங்கிருந்து பையைச் சுமந்துகொண்டு ஏழு மணி நேரம் ஏறி வருவான். கோடையில் ரெஸ்ட் ஹவுசுக்கு வரும் தில்லிக்காரர்கள் அதையே பத்து மணி நேரம் நடந்துவிட்டு, வந்ததும் முதல் வேலையாகத் திரும்பிப் போகக் கோவேறு கழுதை கிடைக்குமா என்று கேட்பார்கள். கேஹருவின் தடியில் அவன் அப்பன் காலத்துச் சலங்கை ஐந்து கட்டியிருக்கும். அது காட்டின் விளிம்பில் கேட்டதும் கௌலா அடுப்பில் உப்புத் தேநீர் வைப்பாள். அது குடிக்கிற சூட்டுக்கு வரும்போது அவன் வாசலில் பனியை உதறிக்கொண்டிருப்பான். மௌன நாட்களில் மட்டும் சலங்கை வீட்டுச் சுவரில், ஆணியில் தொங்கும்.

திங்கட்கிழமை கிளம்பும்போது அவள் காதருகே குனிந்து சொன்னான்:

"டிஸ்பென்சரிக்குப் புது கம்பவுண்டர் வர்றாராம். கர்னால் பக்கம். வியாழக்கிழமை வரும்போது அவரையும் கூட்டிக்கிட்டு வரணும்."

"கூட்டிக்கிட்டு வாங்க, இல்ல தோள்ல தூக்கிக்கிட்டு வாங்க. வியாழக்கிழமை வரலைன்னா கதவைத் திறக்க மாட்டேன்."

"திறக்கலைன்னா கத்துவேன்."

"இந்த மாசத்துலயா? கத்துங்க பாப்போம். உங்கண்ணன் உங்க நாக்குலயும் கம்பளி சுத்திடுவார்."

அவன் மூக்கால் சிரித்துவிட்டுப் போனான். மௌன நாட்களில் சிரிப்பெல்லாம் மூக்கு வழியாகத்தான்.

வியாழக்கிழமை மங்கலு அவள் வாசலுக்கு வந்தான். அவன் கோயிலில் மேளம் வாசிப்பவன்; கௌலாவை அண்ணி முறையில் பாபி என்பான். மேளத்துக்கு வேலை இல்லாத நாட்கள் ஆனதால் ரெஸ்ட் ஹவுஸ் மேட்டில் உட்கார்ந்து கீழ்ப் பாதையைப் பார்த்துக்கொண்டிருப்பதே அவனுக்குப் பொழுதுபோக்கு.

"பாபி, கீழ்வளைவுல ரெண்டு பேர் வர்றாங்க," என்றான் கிசுகிசுப்பாக. "முன்னால வர்றது உங்காளு, நடையே சொல்லுது. பின்னால ஒண்ணு, நாலு எட்டு வைக்கிறதும் இடுப்பைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறதுமா வருது. அதுதான் கம்பவுண்டர். நமக்கு வைத்தியம் பாக்கறதுக்கு முன்னாடி அவருக்கு யாராவது பாக்கணும்."

"எப்ப வந்து சேருவாங்க?"

"உங்காளு தனியா வந்தா ரெண்டு மணி நேரம். அந்த மூட்டையோட மூணு."

அவன் போன கொஞ்ச நேரத்தில் பனி தொடங்கியது. முதலில் யாரோ மாவு சலிப்பது போல. பிறகு காற்று எழுந்தது. பிறகு ரெஸ்ட் ஹவுஸ் காணாமல் போனது, கோயில் காணாமல் போனது, கடைசியில் வாசலில் நின்ற கௌலாவுக்குத் தன் மாட்டுத் தொழுவமே தெரியவில்லை.

காட்டின் கடைசி தேவதாரு மரத்துக்கும் ஊருக்கும் நடுவே அரை மைல் வெட்டவெளி. வலப்பக்கம் ஏறினால் கோயிலும் வீடுகளும். இடப்பக்கம் தரை சட்டென்று அறுந்து பள்ளத்தாக்கில் இறங்கிவிடும். விழுந்த ஆடு தரையைத் தொடும் சத்தம்கூட மேலே வராது. கண்ணை நம்பி அந்த வெளியைக் கடப்பவர்கள் வெளியூர்க்காரர்கள். நாங்கள் காதால் கடப்போம். பசுவின் மணி, நாய், மாவுக்கல், எவனாவது விறகு பிளப்பது, இவற்றில் ஏதோ ஒன்று எப்போதும் எங்களை வீட்டுக்குக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கும். இன்று அங்கே எதுவும் கேட்காது. அது கௌலாவுக்கு வாசலில் நின்றபோதுதான் உறைத்தது. அவள் கல்யாணமாகி வந்த பதினொரு வருஷமாக அந்த நாற்பத்திரண்டு நாட்களில் இப்படியொரு பனிமூட்டம் அவன் வரும் நாளில் வந்ததில்லை.

மூன்று மணிக்குத் தேநீர் கொதித்தது. இறக்கி வைத்தாள். மறுபடி ஏற்றினாள். ஆணியில் தொங்கிய சலங்கையைப் பார்க்காமல் இருக்க அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நாலு மணி ஆனபோது சால்வையைத் தலையோடு சுற்றிக்கொண்டு, சுவரைத் தடவித் தடவி, அடுத்த வாசலான தாபே ராம் வீட்டுக்குப் போனாள்.

கணவனின் அண்ணனான ஜேட்ஜியோடு நேருக்கு நேர் பேசும் வழக்கம் எங்களிடம் கிடையாது. சொல்ல வேண்டியதை அவள் தூணைப் பார்த்துச் சொல்வாள். தம்பி மனைவியான பஹுவுக்கு உரிய பதிலை அவர் தன் மனைவி தெவ்குவிடம் சொல்வார். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அப்படித்தான். தாபே ராம் அடுப்போரம் உட்கார்ந்து தக்ளியில் கம்பளி நூற்றுக்கொண்டிருந்தார்.

"தீதி, மணி நாலாச்சு," என்றாள் கௌலா, அக்கா என்று தெவ்குவை அழைத்து, தூணைப் பார்த்து. "மத்தியானமே கீழ்வளைவுல தெரிஞ்சாங்க. இன்னும் வரலை."

தக்ளி நின்றது.

"கடைசி மரத்தடியில ஒதுங்கியிருப்பான்னு சொல்லு," என்றார் அவர் மனைவியிடம்.

"தனியா இருந்தா ஒதுங்குவார். கூட இருக்கறவர் சமவெளிக்காரர். மரத்தடியில நின்னா ஒரு மணி நேரத்துல அந்த ஆளு விறைச்சிடுவார்னு இவருக்குத் தெரியும். கூட்டிக்கிட்டுத்தான் கிளம்பியிருப்பார். இப்ப வெளியில இருக்காங்க, தீதி."

தெவ்கு இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "ரெண்டு பேரும் என் வாய் வழியாவேதான் பேசுவீங்களா? எனக்கே பல்லு அடிச்சுக்குது."

"ஆள் அனுப்ப முடியாதான்னு கேளு," என்றாள் கௌலா.

"கை நீட்டினா கை தெரியலை. ரெண்டு பேரைத் தேடப் போய் அப்புறம் ஆறு பேரைத் தேடணும்."

"நெருப்பு போட்டா?"

"பத்தடிக்கு அந்தப்பக்கம் தெரியாது."

அதற்குமேல் என்ன மிச்சம் இருக்கிறது என்று மூவருக்கும் தெரிந்திருந்தது. அடுப்பில் ஒரு கட்டை சரிந்தது. தாபே ராம் அதைச் சரியாக நிமிர்த்தி வைத்தார். ஒருவர் சொல்லும்வரை அது நடக்காத காரியமாகவே இருக்கும் என்பதுபோல மூவரும் நெருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.  

"தீதி, மணியை அவிழ்க்கச் சொல்லு."

"எங்க தாத்தா காலத்துல ஒருத்தன் இந்த மாசத்துல கோடாலி போட்டான்னு சொல்லு," என்றார் தாபே ராம். குரல் உயரவில்லை. "ஒரே ஒரு வெட்டு. பனி உருகுற காலத்துல மலை சரிஞ்சு மேல்வீடு ஆறும் போச்சு. உள்ள இருந்தவங்களும் போனாங்க. ஒருத்தனுக்காக ஊரையே பணயம் வைக்க முடியாதுன்னு சொல்லு. அது என் தம்பியா இருந்தாலும்."

அவர் கையிலிருந்த நூல் அறுந்திருந்தது. அவர் அதைக் கவனிக்கவில்லை. கௌலா கவனித்தாள். தெவ்கு வாயைத் திறப்பதற்குள் அவள் வெளியே போய்விட்டாள்.

கோயிலுக்கு நாற்பது படி. பனியில் படிகள் தெரியவில்லை; தவழ்ந்துதான் ஏறினாள். முற்றத்தில் மணி தொங்கியது. அதன் நாக்கு குழந்தையின் முஷ்டி போல வெள்ளைக் கம்பளிக்குள் இருந்தது. முதல் முடிச்சில் விரலை வைத்தாள். விரல் வளையவில்லை. வாயை வைத்துக் கடித்தாள். ஆட்டுக் கொழுப்பின் நாற்றம் தொண்டைவரை இறங்கியது. முடிச்சு அசையவில்லை. அப்போது படியில் யாரோ மூச்சு வாங்கும் ஓசை கேட்டது.

தாபே ராம் நின்றிருந்தார். தொப்பி, புருவம், மீசை எல்லாம் வெள்ளை.

கௌலா திரும்பி அவர் முகத்தைப் பார்த்தாள். பதினொரு வருஷத்தில் அவர் கண் என்ன நிறம் என்று அன்றுதான் தெரிந்ததாம்.

"ஜேட்ஜி, என்னைப் படியில தள்ளணும்னா தள்ளுங்க. தூணைத் தேடிக்கிட்டுப் போய்ச் சொல்ல எனக்கு இப்ப நேரம் இல்ல."

 காற்று இருவருக்கும் நடுவே பனியை வாரி இறைத்தபடி இருந்தது. அவர் மனதில் அந்த நேரத்தில் மேல்வீடு ஆறும் இருந்ததா, தம்பி இருந்தானா, எனக்குத் தெரியாது. பிறகு அவர் அவளுக்குப் பக்கத்தில் வந்து மண்டியிட்டார்.

"பல்லால இழுத்தா இன்னும் இறுகும். நகரு, பஹு. போட்டவன் நான்."

ஏழு முடிச்சையும் போட்ட வரிசைக்கு எதிர்வரிசையில் ஒவ்வொன்றாக அவிழ்த்தார். கம்பளியை மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டார்.

"என் கையால அடிக்க மாட்டேன்," என்றார்.

"நான் அடிக்கறேன்."

முதல் அடி விழுந்தபோது நான் வீட்டுக்குள் இருந்தேன்.   கதவுகள் திறந்தன. ஆட்கள் வாசல்களில் கைகளால் காதைப் பொத்திக்கொண்டு நின்றார்கள். யாரும் கத்தவில்லை. கத்தினால் இரண்டாவது பாவம். கோயிலுக்கு அருகில் இருந்த நாங்கள் மட்டும் தட்டுத் தடுமாறிப் படியேறி வந்தோம். மணிக்கயிற்றைப் பிடித்திருப்பது கௌலா என்றும் பக்கத்தில் கார்தாரே நிற்கிறார் என்றும் கண்டு அப்படியே நின்றுவிட்டோம். மங்கலுவின் முகம் சாம்பலாகியிருந்தது. ஆனால் தாளம் தவறுவது அவனால் பொறுக்க முடியாத விஷயம்.

"விட்டு விட்டு அடிங்க, பாபி," என்றான். "மூணு அடி, ஒரு நிறுத்தம். தொடர்ந்து அடிச்சா எந்தப் பக்கமிருந்து வருதுன்னு கேக்கறவனுக்குப் புரியாது."

அவள் அப்படியே அடித்தாள். மூன்று அடி, ஒரு நிறுத்தம். ஒவ்வொரு நிறுத்தத்திலும் எல்லோரும் வெள்ளைக்குள் காது கொடுத்தோம். தேவர் மேலே இருந்தபடி இதைக் கேட்டிருப்பாரா, கேட்டால் என்ன செய்வார் என்று அவரவர் உள்ளுக்குள் நடுங்கினோம். எல்லோரும் தேவரின் காதைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்தோம். கேஹருவின் காதைப் பற்றி ஒருவரும் நினைக்கவில்லை.

அரை மணி நேரம் போயிருக்கும். படிக்குக் கீழே ஒரு உருவம் அசைந்தது. கௌலா கயிற்றை விட்டுவிட்டு ஓடினாள்.

"யாராவது இருக்கீங்களா? ஐயா! அம்மா! கடவுளே, காப்பாத்திட்டீங்க!"

அந்தக் குரலுக்கு ஊரே உடம்பைக் குறுக்கிக்கொண்டது. இத்தனை நாளில் நாங்கள் கேட்ட முதல் உரத்த பேச்சு அது. மங்கலு பாய்ந்து போய் அந்த ஆளின் வாயைப் பொத்தினான். கனத்த உடம்பு, நகரத்துக் கோட்டு, மூக்கு நுனி மெழுகுபோல் வெளுத்திருந்தது. கம்பவுண்டர் சைனி. தனியாக வந்திருந்தார். அவர் மணிக்கட்டில் சிவப்பு விளிம்பு வைத்த ஒரு கம்பளி இடுப்புக்கச்சை கட்டியிருந்தது. அதன் மறுமுனை பனியில் இழுபட்டுக்கொண்டு வந்தது. அந்தச் சிவப்பு விளிம்பை நெய்தவள் கௌலா.

"இதோட மறுமுனையில இருந்தவர் எங்கே?" என்று கேட்டாள்.

மங்கலு கையை எடுத்தான். சைனி இப்போது கிசுகிசுத்தார். ஏன் என்று தெரியாமலே எங்களைப் பார்த்துக் கிசுகிசுத்தார்.

"நல்லாத்தாம்மா கூட்டிக்கிட்டு வந்தார். காத்து வலது கன்னத்துல அடிக்கணும், அடிச்சா வழி சரின்னார். கடைசி மரத்துலேர்ந்து ஒவ்வொரு எட்டா எண்ணிக்கிட்டே வந்தோம். முந்நூறு தாண்டினப்ப மணி கேட்டுச்சு. நான் சந்தோஷத்துல கத்திட்டேன். அவர் என் வாயைப் பொத்தினார். இந்தத் தம்பி பொத்தின மாதிரியே. 'காதை மூடிக்குங்க, இது எங்க மணி இல்ல'ன்னார்."



"'எங்க மணியை எங்கண்ணன் கட்டியிருக்கார், அவர் கட்டினது அவிழாது'ன்னார். மணி கேக்குற திசைக்கு நேர் எதிரா என்னை இழுக்க ஆரம்பிச்சார். பனியில மனுஷனுக்குப் புத்தி கலங்கிடுச்சுன்னு நெனச்சேன். கச்சையை உருவிக்கிட்டு ஓடி வந்துட்டேன். அவர் பேரைச் சொல்லித் திரும்பத் திரும்பக் கூப்பிட்டேன். கூப்பிடக் கூப்பிட வேகமாப் போனார்."

மணி கேட்கும் திசைக்கு நேர் எதிர் என்றால் பள்ளத்தாக்கு.

கௌலா மணியைத் திரும்பிப் பார்த்தாள். அது இன்னும் லேசாக ஆடிக்கொண்டிருந்தது. அவள் படியேறிப் போய் அதை இரண்டு கைகளாலும் பிடித்து நிறுத்தினாள். அவள் அடித்த ஒவ்வொரு அடியும் அவனை முதுகில் கைவைத்துத் தள்ளியிருக்கிறது. விட்டு விட்டு, ஒழுங்காக, தாளம் தவறாமல்.

"எல்லாரும் சேர்ந்து கூப்பிடுங்களேன்," என்றார் சைனி. "இத்தனை பேர் இருக்கீங்க!"

"கூப்பிட்டா இன்னும் ஓடுவான், பாபுஜி," என்றான் மங்கலு. "இந்த மாசத்துல எங்களை நாங்களே நம்ப மாட்டோம்."

தாபே ராம் ஒரே ஒரு சொல் சொன்னார்.

"கயிறு."

எங்கள் ஊரில் கயிறு இல்லாத வீடு கிடையாது; புல்கட்டுத் தூக்கும் ஆட்டுமயிர்க் கயிறு. எல்லோரும் கொண்டுவந்தார்கள். முனையோடு முனை முடிந்தோம். ஒரு தலையைக் கோயில் தூணில் கட்டினோம். பத்து எட்டுக்கு ஒருவராகக் கயிற்றைப் பிடித்து வெட்டவெளியில் நீள நின்றோம், ஆணும் பெண்ணுமாக. கயிறு ஒருதரம் இழுபட்டால் நில், இரண்டுதரம் என்றால் நட, மூன்றுதரம் என்றால் ஆள் கிடைத்தான். கதவு கீலில் திரும்புவதுபோல் தூணைச் சுற்றித் திரும்பி வெளி முழுவதையும் துழாவிவிடுவது என்று ஏற்பாடு. கடைசி முனை பள்ளத்தாக்கின் விளிம்பை ஒட்டிப் போகும். அந்த முனையைத் தாபே ராம் தன் இடுப்பில் கட்டிக்கொண்டார். அவருக்கு அடுத்த இடத்தில் கௌலா வந்து நின்றாள். அவர் போ என்று சொல்லவில்லை.

"கயிறு கனத்துச்சுன்னா கேள்வி கேக்காம இழு, பஹு," என்றார். நேராக அவளிடமே.

வெளிச்சம் சாம்பல் நிறத்துக்கு வந்திருந்தது. இன்னும் முக்கால் மணி நேரத்தில் அதுவும் இருக்காது. இரண்டு இழுப்பு வந்தது. நடந்தோம்.

அந்த நடையைப் பற்றி எனக்கு நினைவிருப்பது குறைவு. முன்னால் ஒன்றுமில்லை. பக்கத்தில் ஒருவரும் இல்லை. உள்ளங்கையில் கயிறு மட்டும் இருந்தது. அதன் வழியாக மற்றவர்களின் நடுக்கம் வந்தது. காலால் துழாவினோம். ஒரு மேடு தட்டுப்பட்டால் குனிந்து கையால் பனியை விலக்கினோம். கல். புதர். மறுபடி கல். முப்பது பேர் ஒரு மனிதனைத் தேடினோம், அவன் பெயரைச் சொல்லாமல்.

திடீரென்று கயிறு கௌலாவின் கையைப் பிய்த்துக்கொண்டு போனது. தாபே ராம் மிதித்த இடத்தில் தரை இருக்கவில்லை. விளிம்பில் காற்று கட்டிவைத்த பனித் திண்டு அவரோடு சரிந்தது. கௌலா மல்லாந்து விழுந்து இரண்டு குதிகாலையும் ஊன்றினாள். கயிறு தோளை அறுத்தது. அவளுக்கு அடுத்தவன் மங்கலு. அவனும் விழுந்து இழுத்தான். அவனுக்கு அடுத்தவர்களும் இழுத்தார்கள். மேலே வந்த தாபே ராம் தொப்பியை இழந்திருந்தார், முழங்கால் கிழிந்திருந்தது. ஒரு முனகல் இல்லை. கொஞ்ச நேரம் நாலு காலில் நின்றபடி மூச்சு விட்டார். பிறகு கயிற்றை இரண்டுதரம் இழுத்தார். நடந்தோம்.

மேய்ப்பவர்கள் ஆட்டுக்கு உப்பு வைக்கும் தட்டைக்கல் ஒன்று அந்தப் பக்கம் உண்டு. அதிலிருந்து விளிம்புக்குப் பத்து எட்டு. கௌலாவின் முழங்கால் அதில் மோதியது என்றுதான் முதலில் நினைத்தாள். மோதியது அவளைத் திருப்பி அடித்தது.

கேஹரு கல்லின்மேல் முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருந்தான். தபால் பையை மார்போடு கட்டிப் பிடித்திருந்தான். கல்லைத் தடவிப் பார்த்து எங்கே இருக்கிறோம் என்று கண்டுகொண்டவன், முன்னால் பள்ளமும் பின்னால் மணியுமாக, இரண்டில் எதற்கும் போகாமல் உட்கார்ந்துவிட்டான். தொப்பியின் கம்பளியைப் பிய்த்து இரண்டு காதிலும் அடைத்திருந்தான். அவள் தோளைத் தொட்டதும் முழங்கையால் தள்ளினான். கண்ணை இறுக மூடிக்கொண்டு தேவரின் பெயரை உதட்டால் சொல்லிக்கொண்டிருந்தான்.

அவன் பெயர் அவள் பல் வரை வந்தது. அதைச் சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அவளுக்குத் தெரியும். அவளைத் தள்ளிவிட்டு எழுந்து ஓடியிருப்பான், பத்து எட்டு. நாக்கைக் கடித்துக்கொண்டாள். உப்பு ருசித்தது. அவனை இழுக்கவும் இல்லை, பிடிக்கவும் இல்லை. முன்னால் அப்படியே நின்றாள். கயிற்றைத் தன் பக்கம் ஒருதரம் இழுத்துவிட்டு நின்றாள். கயிறு முழுவதும் நின்றது.

எவ்வளவு நேரமோ. அவன் உதடுகள் நின்றன. கண்ணைத் திறக்காமலே கையுறையைக் கழற்றினான். குனிந்து அவள் காலைச் சுற்றியிருந்த பனியை விலக்கினான். நார்ச்செருப்பின்மேல் விரலை வைத்துக் குதிகாலிலிருந்து நுனிவரை தடவினான். நுனியிலிருந்து குதிகால்வரை திரும்ப வந்தான். மறு காலையும் அப்படியே பார்த்தான். மற்றவற்றுக்குப் பாதம் பின்னோக்கி இருக்கும்; முகத்தை மாற்றிக்கொள்ளும், குரலை மாற்றிக்கொள்ளும், பாதத்தை மாற்ற அவற்றால் முடியாது. இந்தப் பாதம் அவனைப் பார்த்து இருந்தது. இடது செருப்பின் நுனியில், போன மாதம் அவனே போட்ட தையல் இருந்தது.

இரண்டு கணுக்காலையும் பிடித்துக்கொண்டு அவள் முழங்காலில் நெற்றியை வைத்தான்.

அவள் கயிற்றை மூன்றுதரம் இழுத்தாள். பிறகு குனிந்து அவன் ஒரு காதின் அடைப்பை எடுத்தாள்.

"வியாழக்கிழமை இன்னும் முடியலை," என்றாள் மூச்சோடு மூச்சாக. "கதவு திறந்துதான் இருக்கு."

கேஹருவுக்கு இடது காலில் மூன்று விரல்கள் போயின. சைனி தாராங்கில் செய்த முதல் வைத்தியம் அதுதான். கேஹரு சத்தமே போடவில்லை. வெட்டும்போது சைனிதான் அழுதார் என்று மங்கலு பின்னால் எல்லோரிடமும் சொன்னான். சைனி மூன்று வருஷம் எங்களோடு இருந்தார். மாற்றலாகிக் கர்னாலுக்குப் போன பிறகும் மெதுவாகவே பேசுகிறார் என்று அவர் பெண்சாதி கடிதம் எழுதியிருந்தாள்.

நாற்பத்திரண்டாம் நாள் தேவர் திரும்பியபோது, மணியை அவிழ்த்தது யார் என்று குறி சொல்பவர் வழியாகக் கேட்டார். தாபே ராம் "நான்" என்றார். அடித்தது யார் என்று கேட்டார். கௌலா "நான்" என்றாள். இரண்டு வீட்டிலும் ஆளுக்கொரு கிடா வாங்கிக்கொண்டார். பனி உருகும் காலத்தில் மலை கொஞ்சம் சரிந்து ரெஸ்ட் ஹவுசின் சமையற்கட்டு போனது. ஆள்சேதம் இல்லை. அது மணிக்காகத்தானா என்று ஊரில் இன்னும் இரண்டு கட்சி இருக்கிறது.

தேவர் திரும்பிய அன்றே தாபே ராம் கார்தார் பொறுப்பை விட்டுவிட்டார். யாரும் அவரை விடச் சொல்லவில்லை. மணி அடித்த மறுநாளிலிருந்து கௌலா தூணிடமே பேசினாள், அவர் தெவ்குவிடமே பதில் சொன்னார். ஒன்பது வருஷம் கழித்து அவர் இறக்கும்வரை அதில் மாற்றம் இல்லை. தெவ்கு மகனோடு பன்ஸாரில் இருக்கிறாள். மங்கலு மார்ச்சளியில் போய்ச் சேர்ந்தான்.

சங்கராந்திக்கு முதல் நாள் கடைசி தேவதாருவிலிருந்து கோயில் தூண்வரை இப்போது கயிறு கட்டுகிறோம். முதல் வருஷம் அதைக் கட்டியவன் கேஹரு. தபால் வேலையை விட்டு ரெஸ்ட் ஹவுஸ் காவலாளி ஆனான். அன்று மணியை அடித்தது யார் என்பது ஊர் முழுக்கத் தெரியும், அவனுக்கும் தெரியும். அவன் அதைப் பற்றிக் கேட்டதில்லை, அவள் சொன்னதில்லை. இருவரும் அதே வீட்டில் இருக்கிறார்கள். சலங்கை ஆணியில் தொங்குகிறது.